எண்பத்தைந்துக்கு மேல் இல்லை

என் கணவர் ஒரே கைக்கடிகாரத்தை மூன்று முறை ரிப்பேருக்குக் கொண்டுபோனார். முள் இல்லாமல் எண்கள் மட்டும் ஓடும் எலக்ட்ரானிக் கடிகாரம் அது. மணிக்கு ஒரு தடவை 'பிப் பிப்' என்று சத்தம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்பது அவருடைய புகார். முதல் முறை கடைக்காரர் பேட்டரி மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை பின்மூடியைத் திறந்து துடைத்துக் கொடுத்தார். மூன்றாம் முறை நானும் கூடப் போயிருந்தேன். தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டி, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். பிப் பிப் என்று வந்தது. எனக்குக் கேட்டது. எங்களுக்குப் பின்னால் பூ வாங்கிக்கொண்டிருந்த அம்மா கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா, வரல" என்றார் என் கணவர்.

கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு கடிகாரத்தை மஞ்சள் துணியில் துடைத்து அவரிடம் நீட்டி, "வாட்ச்ல ஒண்ணுமில்ல சார்" என்று மெதுவாகச் சொன்னார். மீதியை அவர் சொல்லவில்லை. வீடு வரைக்கும் நானும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. பத்து வருடம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்து அலுத்துப்போய், மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையைப் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார். சுவர் முழுக்கத் தேங்காய் நார் மெத்தை, அதன்மேல் மெரூன் நிறத் துணி. எட்டு டிராக் டேப் மெஷின் ஒன்று. மூடப்பட்ட ஏதோ ஒரு பெரிய ஸ்டுடியோவிலிருந்து வந்த இரண்டு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் எங்கள் அரிசி டிரம் உயரம் இருக்கும். அவற்றை வேனிலிருந்து இறக்கிய அன்று அவர் சாப்பிடக்கூட கீழே வரவில்லை.

அந்த ஸ்பீக்கர்களுக்கு முன்னால் ஒரு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் பாடியதையும் வாசித்ததையும் கூட்டிக் குறைத்து ஒரு பாட்டாகச் சேர்ப்பார். வேலை தொடங்கும்போது சத்தம் அளவாகத்தான் இருக்கும். ஒரு எலக்ட்ரிக் ரயில் போகும். அது போய்த் தீரும்வரை கொஞ்சம் கூட்டுவார். ரயில் போய்விடும், கூட்டியது அப்படியே இருக்கும். அடுத்த ரயிலுக்கு இன்னும் கொஞ்சம். தாம்பரத்தில் ரயிலுக்கா பஞ்சம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கீழே சமையலறையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிப் பேச ஆரம்பித்துவிடும்.

இதில் நகைப்புக்குரிய விஷயம் நான்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், இரும்புத் தகடு அழுத்திப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. தினமும் காலையில் செங்கல்பட்டு ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். வாரம் ஒருமுறை இரைச்சல் அளக்கும் மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போவேன். அளவை எழுதிக்கொள்வேன். காதில் அடைப்பான் வைக்காதவர்களைப் பிடித்து, காது நரம்பு ஒரு தடவை போனால் போனதுதான், திரும்ப முளைக்க அது தலைமுடி இல்லை என்று பாடம் எடுப்பேன். எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் தொண்ணூறு டெசிபலைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருப்பதைச் சொல்வேன். மாடி அறையையும் மெஷின் ஷெட்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஏனோ தோன்றவே இல்லை. ஒன்று சத்தம், இன்னொன்று சங்கீதம் என்று மனதுக்குள் தனித்தனியாக வைத்திருந்தேன்.

அதை ஒன்றாக்கியவர் ஒரு பிரஸ் ஆபரேட்டர். ஊரப்பாக்கத்துக்காரர். அவருடைய சர்ச் பாடகர் குழுவில் தபலா வாசிப்பார். கிறிஸ்துமஸ் பாட்டு கேசட் ஒன்றைப் பதிவு செய்ய அந்தக் குழு எங்கள் மாடிக்கு வந்து போயிருந்தது. அடுத்த திங்கட்கிழமை ஷெட்டில் அவர் காதில் அடைப்பான் இல்லை. நான் நின்றேன். வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், கோச்சுக்காதீங்க" என்றார். "நேத்து சார் ரூம்ல ரெண்டு மணி நேரம் குந்தினு இருந்தேன். வூட்டுக்குப் போயும் காது கொய்னு இருந்துச்சு. இங்க அப்படி ஒரு நாளும் ஆனதில்ல. அடைப்பான் அங்கதான் மேடம் வேணும்."

பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது அந்த வாட்ச் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வைதான் நினைவுக்கு வந்தது. டப்பாவை அப்படியே மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் மேலாளரிடம் போய் மீட்டரை இரண்டு நாளைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். எதற்கு என்றார். வீட்டில் ஒரு இயந்திரம் அதிகமாகச் சத்தம் போடுகிறது என்றேன். கிரைண்டரா என்றார். கிட்டத்தட்ட என்றேன். கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ரயிலில் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆவல் தாங்காமல் வழியில் திறந்து ரயில் பெட்டியின் இரைச்சலை அளந்து பார்த்தேன். எதிரில் இருந்த பெரியவர் கையை நீட்டிச் சட்டையை மடித்துக்கொண்டு, "பிரஷர் மிஷினாம்மா? எனக்கும் ஒரு தடவ பாத்துடு" என்றார். இது சத்தத்துக்கான மிஷின் என்று விளக்கியதும் ஏமாற்றத்தோடு சட்டைக் கையை இறக்கிக்கொண்டார்.

சனிக்கிழமை மதியம் அவர் மேலே வேலையில் இருந்தார். பக்திப் பாட்டு ஒன்று. ஏழாவதோ எட்டாவதோ தடவை ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் காது உயரத்துக்கு மீட்டரைப் பிடித்தேன். முள் ஏறியது. ஏறி நின்ற இடத்தைப் பார்த்து, பழக்கதோஷத்தில் இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். நூற்று மூன்று. எங்கள் தொழிற்சாலையின் மிகப் பெரிய பிரஸ் தொண்ணூற்றெட்டைத் தாண்டியதில்லை.

பாட்டை நிறுத்தச் சொல்லி முள்ளைக் காட்டினேன். மீட்டர் பழுது என்றார். எங்கள் வீட்டில் இப்படித்தான். வாட்ச் பழுது, மீட்டர் பழுது.

மீட்டரோடு ஒரு சின்ன உருளையும் வரும். அதை மைக்கின்மேல் தொப்பி மாதிரி மாட்டிப் பொத்தானை அழுத்தினால் எப்போதும் தொண்ணூற்று நான்கு டெசிபலில் ஒரே சுருதியில் கூவும். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்காக. மாட்டிக் காட்டினேன். முள் தொண்ணூற்று நான்கில் ஆணி அடித்தது மாதிரி நின்றது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து அந்தக் கூவலைக் கேட்டார். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினார். பிறகு அடுத்ததை.

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கு" என்றார். "பாரு, என் காதுக்கு என்ன குறைச்சல்?"

சுருதி விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் கையைப் பிடித்து, வாட்சின் பொத்தானை நான் அழுத்தினேன். என் விரலில் அந்த மெல்லிய அதிர்வை உணர்ந்தேன். பிப் பிப்.

"இப்ப கேக்குதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். பிறகு, "இப்ப அடிச்சுதா?" என்றார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவரைக் குரோம்பேட்டையில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டிச் சோதித்தார்கள். தாளில் ஒரு கோடு வரைந்து கொடுத்தார்கள். கோடு நேராகத்தான் போனது. வலது பக்கம் ஒரு இடத்தில் மட்டும், மழை பெய்த ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி பள்ளம் விழுந்து மறுபடி மேலே ஏறியது. கடிகாரம் கூவுகிற சுருதி அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது என்று மருத்துவர் சொன்னார். பாட்டும் பேச்சும் பெரும்பாலும் அதற்கு இந்தப் பக்கம் இருப்பதால் இவருக்கு வித்தியாசம் தெரியவில்லையாம். காதுக்குள் இரைச்சல் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் என் கணவர்.

"போனது போனதுதான் சார்" என்றார் மருத்துவர். "இருக்கறத வெச்சுக்கலாம். அது உங்க கையில இருக்கு."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பல்லாவரம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார், அது எங்களுக்கு எதிர்த்திசையில் இருந்தபோதும். இறங்கும்போது, "என்ன பண்ணணும் சொல்லு" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் இப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. அந்த வாய்ப்பை நான் வீணாக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரும் மேலே ஏறினோம். என் திட்டம் எளிமையானது. மேஜையில் இருக்கும் வால்யூம் குமிழை அவர் எவ்வளவு ஆசைப்பட்டு முழுக்கத் திருப்பினாலும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவர் காதில் எண்பத்தைந்துக்கு மேல் விழக்கூடாது. அதற்கேற்ப ஆம்பிளிஃபையரின் பின்பக்கக் குமிழ்களைக் குறைத்து அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அளப்பதற்குப் பாட்டு உதவாது, அது ஏறி இறங்கும். ஒரே சீராக ஓடும் சத்தம் வேண்டும். தொழிற்சாலையில் அதற்கென்று கருவி உண்டு. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்தான் வழி சொன்னார். ரேடியோவை எஃப்.எம்.மில் வைத்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினார். 'உஸ்ஸ்' என்று ஒரே மாதிரி வந்தது, தகரக் கூரையில் மழை பெய்வது போல. அதை டேப்பில் பத்து நிமிடம் பதிவு செய்துகொண்டோம்.

கேமரா ஸ்டாண்டு ஒன்றில் மீட்டரைக் கட்டி, அவர் தலை இருக்கும் இடத்தில் நிறுத்தினோம். முதலில் வலது ஸ்பீக்கர் மட்டும். பிறகு இடது ஸ்பீக்கர் மட்டும். இரண்டையும் தனித்தனியாக எண்பத்திரண்டில் நிறுத்தினால் சேரும்போது எண்பத்தைந்து வரும் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். ஆனால் முதல் அளவிலேயே ஒரு வேடிக்கை தெரிந்தது. குமிழ்கள் ஒரே இடத்தில் இருந்தும் இடது ஸ்பீக்கர் வலதைவிட நான்கு டெசிபல் கூடுதலாகக் கத்தியது. அவர் போய்ப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்பீக்கரின் முதுகில் ஒரு சின்னத் திருகு. அதன்மேல் யாரோ எந்தக் காலத்திலோ கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். முந்தைய ஸ்டுடியோவில் அது எந்த மூலையில் இருந்ததோ, அந்த மூலைக்குத் தகுந்த மாதிரி திருகி வைத்தது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது கூடுதலாகக் கேட்டதால் ஒன்றரை வருடமாக ஒவ்வொரு கேசட்டிலும் அந்தப் பக்கத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார். எல்லாம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு வாடிக்கையாளர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரைப் போய் ரிப்பேர் செய்யச் சொல்லி அனுப்பியிருந்தார் இவர்.

"நான் அவங்கள திட்டி அனுப்பிச்சேன்" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மழைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்த அறையில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பெயின்டைச் சுரண்டித் திருகைச் சரி செய்தார். நான் மீட்டரைப் படிக்க, அவர் பின்னால் குனிந்து ஆம்பிளிஃபையரின் குமிழைத் திருக, "கூட்டுங்க, போதும், ஒரு முடி குறைங்க" என்று ஒரு மணி நேரம் ஓடியது. வலது எண்பத்திரண்டு. இடது எண்பத்திரண்டு. இரண்டும் சேர்ந்து எண்பத்தைந்து. என் சிவப்பு நகப்பாலிஷை எடுத்து, குமிழுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். மேஜைக் குமிழில், தினசரி வேலைக்கு எழுபத்தெட்டு வருகிற இடத்தில் இன்னொரு கோடு. தொழிற்சாலை வழக்கப்படி ஒரு சீட்டில் தேதி எழுதி, அடுத்த சரிபார்ப்பு மூன்று மாதம் கழித்து என்று குறித்து, ஆம்பிளிஃபையரின் நெற்றியில் ஒட்டினேன்.

முதல் வாரம் அவருக்கு நரகம். உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கிறது என்றார். பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போல இருக்கிறதாம். வந்தவர்கள் ஸ்பீக்கர் ரிப்பேரா என்று விசாரித்தார்கள். ரயில் போனால் வேலையை நிறுத்திவிட்டு, அது போய்த் தொலையும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் இரண்டாம் வாரத்திலிருந்து புலம்பல் நின்றுவிட்டது. பழகிவிட்டது என்றார். நானும் நம்பினேன். என் மீட்டர்தான் தொழிற்சாலையில் இருக்கிறதே.

மூன்று மாதம் முடிந்து மறுபடி கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். மேஜைக் குமிழை முழுக்கத் திருப்பி மழை டேப்பை ஓடவிட்டேன். தொண்ணூற்று மூன்று. பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். நகப்பாலிஷ் கோடு குமிழிலும் பெட்டியிலும் நேராகத்தான் இருந்தது. ரொம்ப நேராக இருந்தது. நான் போட்டதைவிட அழகாக. அதற்குக் கொஞ்சம் கீழே, பழைய கோட்டைச் சுரண்டிய தழும்பு. நகப்பாலிஷ் பாட்டிலில் பாதிதான் இருக்கிறதே என்று நான் போன மாதமே யோசித்திருக்க வேண்டும்.

சத்தம் போடவில்லை நான். மழை டேப்பை நிறுத்திவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கதவருகில் நின்றார். மார்கழி மாதம், ஆனாலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஃபேன் எப்போதும் அப்படித்தான் சுற்றும். குளிரில் நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடப்பேன்; நிறுத்த விடமாட்டார். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். நார் மெத்தை போட்ட அறை. ஃபேன் நின்றதும் அப்படி ஒரு அமைதி. அவர் முகம் மாறியது.

"போடு அத" என்றார்.

"எதுக்கு?"

"போடேன்." காதைத் தொட்டுக் காட்டி, "உள்ள ஒரு சில்வண்டு கத்துது" என்றார். "சும்மா இருந்தா அதுதான் கேக்குது. ஃபேன் ஓடினா தெரியாது. பாட்டு சத்தமா இருந்தா சுத்தமா தெரியாது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேலே என்றார். மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஸ்டுடியோவை மூடச் சொல்வார்கள் என்று பயந்திருக்கிறார். அதைவிட, என்னிடம் சொன்னால் நான் தொழிற்சாலை ஆட்களுக்கு எடுக்கிற பாடத்தை இவருக்கும் எடுப்பேன் என்று பயம். அந்தப் பாடத்தை அன்று எடுக்கவில்லை. ஃபேனைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த ஊர் சில்வண்டு, என்ன சுருதியில் கத்துகிறது என்று கேட்டேன். கீபோர்டில் மேல்பக்கத்துக் கட்டை ஒன்றைக் காட்டினார். அழுத்தினார். அவருக்கு அது சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு வருடமாக அவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்ததை அன்று நானும் ஒரு தடவை கேட்டேன்.

மறுநாள் குமிழை அவரே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மீட்டரை நான் படித்தேன். இந்த முறை நகப்பாலிஷ் இல்லை. அரக்கை உருக்கி ஊற்றினார், தபால் பார்சலுக்குப் போடுவது போல.

அதற்கடுத்த ஆடி மாதத்துக்கு முன்னால்தான் மீன்கார அம்மா வந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். நாங்கள் அவரிடம்தான் வஞ்சிரம் வாங்குவோம். குப்பத்து அம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அவர்தான் பாடுவார். அந்தப் பாட்டுகளைக் கேசட்டாகப் போட்டு வைக்க வேண்டும் என்று ஊரில் முடிவு செய்திருந்தார்கள். கூடப் பாட இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு, மீன் விற்று முடித்த கையோடு ஒரு மதியம் மாடி ஏறி வந்தார்.

மைக் முன்னால் நின்று முதல் வரி எடுத்ததும் மேஜையில் சத்தத்தின் அளவு காட்டும் முள்ளெல்லாம் சிவப்புக்குப் போய் முட்டியது. என் கணவர் மைக்கை மூன்றடி பின்னால் நகர்த்தினார். பிறகு ஆறடி. கடைசியில் அந்த அம்மா கதவோரமும் மைக் சுவரோரமும் இருந்த நிலையில் பதிவு நடந்தது. ஒரே மூச்சில் நான்கு பாட்டு. அடுத்த வாரம் இவர் தன் பங்குக்குக் கீபோர்டும் தாளமும் சேர்த்து முடித்து, அவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அன்று சனிக்கிழமை, நானும் இருந்தேன்.

அந்த அம்மா முழுப் பாட்டையும் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் கீது தம்பி" என்றார். "ஆனா என் கொரலு எங்க கீது? நீ வாசிச்சதுதான் கேக்குது."

என் கணவரின் கை தன்னால் வால்யூம் குமிழுக்குப் போனது. பத்து வருடப் பழக்கம். யார் எது கேட்கவில்லை என்றாலும் கூட்டுவது. திருப்பினார். கடைசி வரைக்கும் திருப்பினார். எண்பத்தைந்தில் முட்டி நின்றது.

"இப்ப?"

"இப்பவும் ஒன்னுதுதான்."

கூட்ட வழியில்லை. ஒரு நிமிடம் அப்படியே குமிழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுபத்தெட்டுக் கோட்டுக்குக் குறைத்தார். தன் கீபோர்டைக் குறைத்தார். போதவில்லை. இன்னும் குறைத்தார். தான் ஆசை ஆசையாக வாசித்திருந்த ஒரு இடையிசையை முழுக்க எடுத்துவிட்டார். முழுச் சத்தத்தில் கேட்டிருந்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னார். அடங்கிய சத்தத்தில்தான் எது எதை மறைக்கிறது என்று தெரிகிறதாம். மறுபடி போட்டபோது அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட வந்த இரண்டு பெண்களும் அவரை இடித்துச் சிரித்தார்கள்.

"இது நான்தான்" என்றார் அவர்.

திருவிழாவுக்கு எங்களைக் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார். ஆடி ஞாயிறு ஒன்றில் காலையிலேயே பஸ் ஏறிப் போனோம். குப்பத்தின் நுழைவிலேயே தென்னை மரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகள் கட்டி, எங்கள் கேசட்டை முழங்கவிட்டிருந்தார்கள். மீட்டர் இல்லாமலேயே என்னால் அந்த எண்ணைச் சொல்ல முடிந்தது. கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்தேன். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, கடலோரம் படகுகள் இழுத்து வைத்திருந்த இடம் வரைக்கும் நடந்துபோனார். அங்கே போய் நின்று பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். தூரத்திலிருந்து கையை உயர்த்தி ஆட்டினார். நானும் போனேன். அலைச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த அம்மாவின் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து சேர்ந்தது. கீபோர்டு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லி அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். ஒரு கீபோர்டுக்காரர் அப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் மறுபடி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தோம். கருவாட்டுக் குழம்பை அந்த அம்மாவே கொண்டுவந்து ஊற்றினார். காதில் பஞ்சு வைத்திருந்ததால் அவர் சொன்னது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்துத் தலையாட்டினோம். மறுநாள் காலையில் வாசலில் ஒரு கூடை மத்தி மீனோடு அவர் வந்து நின்ற பிறகுதான், நாங்கள் எதற்குத் தலையாட்டினோம் என்று தெரிந்தது. அடுத்த கேசட்டுக்கு அவருடைய குப்பத்திலிருந்து பதினோரு பேர் பாட வருகிறார்கள். மாடி தாங்குமா என்று கேட்டிருக்கிறார்.

ஆடி முடிந்ததும் குரோம்பேட்டை மருத்துவரிடம் மறுபடி போனோம். இந்த முறை சில்வண்டைப் பற்றி என் கணவரே சொன்னார். மருத்துவர் ஸ்டுடியோவை மூடச் சொல்லவில்லை. எவ்வளவு சத்தத்தில் கேட்கிறீர்கள் என்று கேட்டார். இவர் எழுபத்தெட்டு என்றும், எவ்வளவு போனாலும் எண்பத்தைந்து என்றும் சொன்னதும், மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு சரியாக ஒரு ஆள் பதில் சொல்லிக் கேட்டதில்லை என்றார். என் கணவர் என்னைக் காட்டி, "வீட்லயே இன்ஸ்பெக்டர் சார்" என்றார்.

புதுத் தாளை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தோம். பழைய தாளை நான் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். வெளிச்சம் ஊடுருவி இரண்டு கோடுகளும் தெரிந்தன. பள்ளம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு துளிகூட ஆழமாகவில்லை. இன்னொரு தடவை ஓரங்களைச் சரியாகப் பொருத்திப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பசிக்கிறது, எதிர் ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். சாப்பிடும்போதே, பதினோரு பேரை எங்கே நிற்க வைப்பது என்று இலையின் ஓரத்தில் விரலால் படம் போட ஆரம்பித்துவிட்டார்.